மக்கு என்று யாரைச் சொல்வது?

சென்ற வாரம் எதிர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மாள் தன் இரண்டு பெண்களின் மார்க் பட்டியலையும் என்னிடம் நீட்டினாள். "பெரியவ கெட்டிக்காரி. சின்னதுதான் சுத்த மக்கு. இதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

சின்னவள் அங்கேதான் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் கை மட்டும் நின்றுவிட்டது.

சகோதரி, உங்கள் வீட்டிலும் இந்த வார்த்தை எப்போதாவது விழுந்திருக்கிறதா? அப்படியானால் பாரிஸ் நகரத்தில் வாழ்ந்த ஒரு தகப்பனாரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் ஆல்பிரட் பினே. மனோதத்துவ நிபுணர். அவருக்கும் இரண்டு பெண்கள்தான். நடை பழகும் வயதில், பெரியவள் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியோ மேஜையோ இருக்கிறதா என்று பார்த்து, நிதானமாகத்தான் அடியெடுத்து வைப்பாளாம். சின்னவளோ, பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத நடு அறையில் சிரித்துக்கொண்டே தள்ளாடிப் போவாளாம். வளர்ந்த பிறகும் அப்படித்தான். பெரியவள் கண்ணெதிரே உள்ளதை உள்ளபடி சொல்வாள். சின்னவள் கற்பனையில் மிதப்பாள். இவற்றையெல்லாம் கவனித்து 1903-ல் ஒரு புத்தகமே எழுதினார் பினே. அதில் ஒருத்தியைக் கெட்டிக்காரி என்றும் மற்றவளை மக்கு என்றும் அவர் பிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் புத்தி போகும் வழி வேறு என்றுதான் கண்டார்.

புத்தியை அளக்க முதல் அளவுகோல் செய்தவரும் இதே பினேதான் என்றால் ஆச்சரியமாக இல்லையா? 1905-ல் சிமோன் என்ற டாக்டருடன் சேர்ந்து 30 சோதனைகளை வகுத்தார். பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்து, அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். நெற்றியில் முத்திரை குத்துவதற்கு அல்ல!

1908-ல் அந்தச் சோதனைகளைத் திருத்தி அமைத்தார். அதில் வரும் கேள்விகளைப் பாருங்கள்: ரயிலைத் தவறவிட்டால் என்ன செய்வாய்? பிறர் பொருளை உடைத்துவிட்டால் என்ன செய்வாய்? இவற்றுக்கு விடை எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? நிலைமையைப் புரிந்துகொள்வது, வழி கண்டுபிடிப்பது, செய்தது சரிதானா என்று தன்னையே திருத்திக்கொள்வது, இதுதான் புத்தி என்றார் பினே. நம் பாட்டிமார் இதை விவேகம் என்பார்கள். சொல்லாமல் நாலு பேர் சாப்பிட வந்து நின்றால், இருக்கிற ரசத்தையும் அப்பளத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் முகமும் வாடாமல் சமாளிக்கிறீர்களே, அதற்கு எந்தப் பரீட்சையில் மார்க் போட்டார்கள்?

பினே 1911-ல் காலமானார். புத்தியை ஒரே எண்ணாகச் சுருக்கும் வழக்கம் அவருக்குப் பின்னால் வந்தது. 1912-ல் ஜெர்மானியரான ஸ்டெர்ன் அதற்கு ஒரு கணக்குச் சொன்னார். 1916-ல் அமெரிக்கரான டெர்மன் அதை 100-க்கு மேல், கீழ் என்று பரப்பினார். 'ஐ.க்யூ.' என்று நாம் பயபக்தியோடு சொல்வது அதைத்தான். பினேயோ 1909-லேயே, புத்தி பிறவியில் அளந்து வைத்தது, கூட்டவே முடியாது என்று சொல்பவர்களைக் கண்டித்து எழுதியிருந்தார். கவனம் சிதறும் குழந்தைகளுக்குச் சிலை போல அசையாமல் நிற்கும் விளையாட்டைக்கூடச் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியால் புத்தி வளரும் என்பது அவருடைய நம்பிக்கை.

எதிர் வீட்டு அம்மாள் காபி கலக்க உள்ளே போன சமயம், அந்தச் சின்னவளிடம் பினேயின் கேள்வியையே கேட்டேன்: "ரயிலைத் தவறவிட்டா நீ என்ன பண்ணுவே, கண்ணு?"

"அடுத்த ரயில்ல போவேன், அத்தை" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு முன்னாடி அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன். இல்லாட்டி அவங்க பயந்துடுவாங்க" என்றாள்.

பினே எதிர்பார்த்தது முதல் விடையை மட்டும்தான். இரண்டாவதையும் சேர்த்து, அம்மாளிடம் வரி விடாமல் சொன்னேன். அவள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நின்றிருந்த அந்தக் கை மறுபடியும் பூத் தொடுக்கத் தொடங்கியது.