மேலதிகக் காசும் கணக்கேடும்

பதுளைக்குச் செல்லும் புகைவண்டி இதல்கஸ்ஹின்னையைக் கடக்கும்போதெல்லாம் அம்மலைச் சரிவுகளை நாம் நோக்குவதுண்டு. செயற்கை உரமும் நஞ்சுமின்றித் தேயிலை வளர்க்கும் முயற்சி 1980களில் அங்கே தொடங்கிற்று. இத்தகைய தேயிலையை நாடுவோர் தொழிலாளர் நலனையும் கேட்கலாயினர். 1988இல் நெதர்லாந்தில் கோப்பிக்கென எழுந்த நியாய வணிக முத்திரை பின்னர் தேயிலைக்கும் வந்தது. அம்முத்திரையுடன் விற்றால் விலைக்கு மேலும் ஒரு தொகை கிடைக்கும். அதனைச் செலவிடும் உரிமை துரைக்கன்று; தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கே. குடிநீரா, பிள்ளைகளின் படிப்பா என்பதை அவர்களே தீர்மானிப்பர்.

ஆயினும், கணக்கேடு வாசிக்கத் தெரியாத குழு வெறுங் கையொப்பக் குழுவாகிவிடும். எம்மிடம் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளே, விடுமுறையில் லயத்துக்குத் திரும்பும்போது அன்னையர்க்கு வரவு செலவைப் படித்துக் காட்டுங்கள். உறுப்பினர் கேள்வி கேட்கக் கற்ற நாளிலேதான் பொது முயற்சி வேரூன்றும்.