ஒரு சட்டி மக்ரோனியும் ஊரின் நாக்கும்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. கல்யாண வீட்டிலும் கேட்கிறோம், பெற்றார் கூட்டத்திலும் கேட்கிறோம். "இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்குச் சமைக்கத் தெரியாது. எல்லாத்தையும் ஒரே சட்டியில் போட்டு மக்ரோனி அவிச்சுக் குடுக்குறாங்க. சோறு, மூணு கறி, சம்பல் என்று ஆக்கின கை எங்கே?" என்று. சொல்பவர்கள் பெரும்பாலும் எங்கள் நானாமார், அண்ணன்மார். சில மாமிமாரும் தலையாட்டுகிறார்கள். இதுவரை சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே அவர்களுடைய அம்மாமாரைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள். அதனால் பதில் சொல்கிறோம்.

நாங்கள் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் பெண்கள். எங்களில் சிலர் ரக்வானை, பலாங்கொடை, கஹவத்தை பக்கம், சிலர் யட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கம். எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாமார் கொழுந்து பறிப்பவர்கள், பால்வெட்டுக்குப் போகிறவர்கள், டவுனில் கடையிலும் தையல் வேலையிலும் இருப்பவர்கள்.

அந்த அம்மாவின் நாளை ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். விடிய முன்னமே எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து வைத்து, சின்னதைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பகல் முழுக்க மலை. கொழுந்து நிறுத்து முடித்து, வரும் வழியில் விறகு பொறுக்கி, லயத்துக்கு வந்து சேர நாலரை, ஐந்து. அதற்குப் பிறகு உடுப்புக் கழுவ வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், கொப்பியைப் பார்க்க வேண்டும். எங்கள் நாளும் பெரிய வித்தியாசமில்லை. காலை பஸ்ஸைப் பிடித்துப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போதே "உம்மா, பசிக்குது" என்ற குரல்தான் முதலில் கேட்கும். இந்த நேரத்தில் மூன்று கறி கேட்பவர் அந்த மூன்று கறிக்கும் வெங்காயம் உரித்துத் தருவாரா?

அவர்கள் வைக்கும் முதல் நியாயம் "இது நம்ம சாப்பாடு இல்லை" என்பது. சரி, ரொட்டி எப்போது நம்ம சாப்பாடு ஆனது? தென்னிந்தியாவிலிருந்து இந்த மலைகளுக்கு வந்த முன்னோர் சோறும் கூழும் கஞ்சியும் சாப்பிட்டவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது ரேஷனில் கோதுமை மா வந்தது. பிறகு அமெரிக்க மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை ஓடத் தொடங்கியது. அப்படித்தான் கோதுமை மா ரொட்டி லயத்து அடுப்பில் குடியேறியது. இன்றைக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் இல்லாமல் தோட்டம் இல்லை என்கிறோம். கொத்து ரொட்டி இல்லாமல் ரத்தினபுரி டவுனில் இரவு கடை இல்லை. மக்ரோனியும் அதே கோதுமைதான். தட்டையாகச் சுட்டால் பாரம்பரியம், குழலாக அவித்தால் நாகரிகக் கேடா? 2022இல் மா விலை ஏறி ரொட்டியே எட்டாமல் போனபோது இந்தப் பாரம்பரியக் காவலர்கள் யாரும் லயத்துப் பக்கம் வரவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இரண்டாவது நியாயம் "ஒரே சட்டியில் போட்டு அவிப்பது சோம்பேறித்தனம்" என்பது. இதுதான் எங்களுக்கு மெய்யாகவே சிரிப்பு வருகிற இடம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் அசருக்குப் பிறகு கஞ்சி கொடுப்பார்கள். அரிசி, இறைச்சி, இஞ்சி, பூண்டு, ரம்பை, வெந்தயம், தேங்காய்ப் பால் எல்லாம் ஒரே அண்டாவில். நாங்கள் மட்டும் இல்லை, ஊரில் எல்லாச் சனமும் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போகிறது. யாராவது அதைச் சோம்பேறிக் கஞ்சி என்றார்களா? தைப்பொங்கல் ஒரே பானை. யாழ்ப்பாணத்துக் கூழ் ஒரே சட்டி. கல்யாணத்து புரியாணி ஒரே தேக்சா, அதைச் சஹனில் வைத்துச் சுற்றி இருந்து சாப்பிடுகிறோம். இவற்றில் அண்டாக் கஞ்சிக்கும் தேக்சாவுக்கும் அகப்பை பிடிப்பது ஆண்கள். அதனால் அவை கைப்பக்குவம், பெருமை. அதே வேலையை ஒரு பெண் புதன்கிழமை இரவு தன் அடுப்பில் செய்தால் மட்டும் சோம்பல் ஆகிவிடுகிறது.

வெளிநாட்டைப் பார்த்துக் கெட்டுப் போனோம் என்பவர்களுக்கு இன்னொன்று. இத்தாலியில் ஏழை வீடுகளின் சாப்பாடு ஒன்று உண்டு, பாஸ்தா எ ஃபஜோலி. பாஸ்டாவையும் அவரையையும் ஒரே பானையில் வேகவைப்பது. அங்கே பாட்டிமாரின் சமையல் அது. 2013இல் அமெரிக்காவில் மார்த்தா ஸ்டுவர்ட்டின் சஞ்சிகை, பாஸ்டா, தக்காளி, வெங்காயம், பூண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைக்கும் முறையை வெளியிட்டது. உலகமே அதைச் செய்து பார்த்தது. பாஸ்டா வெந்த தண்ணீரை ஊற்றாமல் விட்டால், அதிலிருந்து இறங்கும் மாச்சத்தே குழம்பைக் கெட்டியாக்கிவிடும். விசயம் அவ்வளவுதான். நாங்கள் சோற்றுக் கஞ்சியில் காலங்காலமாகச் செய்வது.

இப்போது எங்கள் சட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறோம், பார்க்காமலே பேசுகிறவர்களுக்காக. ஐந்து பேருக்கு நானூறு கிராம் மக்ரோனி, நூறு கிராம் மைசூர்ப் பருப்பு. எண்ணெயில் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய் வதங்கியதும் கழுவிய நெத்தலிக் கருவாடு ஒரு பிடி. நெத்தலி இல்லாத நாளில் சோயா மீட், அல்லது டின் மீனில் பாதி. மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள். பருப்பைப் போட்டு ஆறு, ஏழு கோப்பை தண்ணீர் விட்டு முதலில் அதைப் பத்து நிமிடம் வேக விடுங்கள். பருப்பும் மக்ரோனியும் சேர்ந்து போனால் மக்ரோனி குழைந்துவிடும், பருப்பு பல்லில் கடிபடும். பிறகு மக்ரோனி, கரட், லீக்ஸ். தண்ணீர் ஒரு விரல் மேலே நிற்க வேண்டும், குறைந்தால் சுடுதண்ணீர் விடுங்கள். கடையில் அளந்து விற்கும் மக்ரோனி பெட்டியில் எழுதியிருப்பதைவிடச் சீக்கிரம் வேகும், ஏழாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். விறகடுப்பு என்றால் இந்த இடத்தில் கொள்ளியை வெளியே இழுத்துவிட வேண்டும், அடி பிடிப்பது இங்கேதான். கடைசியில் அரைத் தேங்காயின் கெட்டிப் பால், இரண்டு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறல், ஒரு பெரிய கை முருங்கையிலை அல்லது பொன்னாங்காணி. முட்டை நன்றாக இறுகும்வரை மட்டும் அடுப்பில். உப்பை அப்போதுதான் பார்க்க வேண்டும், நெத்தலி தன் உப்பை இறக்கியிருக்கும். இறக்கி வைத்துத் தேசிக்காய் பிழியுங்கள். அரை மணித்தியாலம். கழுவ ஒரு சட்டி, ஒரு அகப்பை.

பருப்பு, கருவாடு, முட்டை, கீரை, தேங்காய். மூன்று கறியில் இருப்பது எதுவும் இதில் குறையவில்லை.

பக்கெட் நூடில்ஸுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அந்தச் சின்னப் பொட்டலத்துத் தூளில் உப்பும் ருசியும் இருக்கும், பிள்ளை வளரத் தேவையானது இருக்காது. முட்டையும் கீரையும் சேராத நூடில்ஸைத் தினமும் கொடுப்பதை நாங்களும் பெற்றாரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். மக்ரோனியும் அரிசியைவிட விலை கூடியது, அதனால் கிழமையில் இரண்டு நாள் போதும். மற்ற நாளில் இதே முறையில் அரிசியும் பருப்பும் போட்டு ஒரே சட்டிச் சோறு ஆக்கலாம். சண்டை மக்ரோனிக்காக இல்லை.

சண்டை பிள்ளைக்காக. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். அந்த 32 பேர்தான் வளர்ந்து எங்கள் முன் வாங்கில் உட்காருகிறார்கள். கறி இறங்குமுன்னே எட்டு மணிக்குத் தூங்கிப் போகும் பிள்ளை, வெறும் தேத்தண்ணியும் முந்தின நேரத்து ரொட்டித் துண்டும் வயிற்றில் கிடக்க, அடுத்த நாள் பத்து மணிக்கு மேசையில் தலை வைக்கிறது. அதை நாங்கள் பார்க்கிறோம். ஏழு மணிக்கு முன்னால் சூடாக ஒரு கோப்பை வயிற்றுக்குள் போனால் அதே பிள்ளை காலையில் வேறு பிள்ளை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், கோபப்பட வேண்டாம். மூன்று கறி வைக்கும் வீட்டில் மீன் துண்டும் முட்டையும் யார் கோப்பைக்குப் போகின்றன? முதலில் வீட்டு ஆம்பளைக்கு, பிறகு பையனுக்கு, பிறகு மகளுக்கு. அம்மாவுக்குக் குழம்பும் சட்டியின் அடியும். ஒரே சட்டியில் முட்டையை அடித்துக் கலந்துவிட்டால் அப்படிப் பிரித்தெடுக்க முடியாது. ஒவ்வொரு அகப்பையிலும் எல்லாம் வரும். சில பேருக்கு இந்தச் சட்டி பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எங்களுக்குள் பேசிக்கொள்வது உண்டு.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடித்தோம் என்று உடனே இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் கொப்பியோடு உட்காருங்கள், இல்லையென்றால் சும்மா காலை நீட்டிக்கொண்டு இருங்கள். இவ்வளவு லேசான சமையலை ஆம்பளைகளும் பதினான்கு வயதுப் பையனும் ஆக்கலாம். மேலே எழுதிய முறையை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த பெற்றார் கூட்டத்தில் யாராவது மக்ரோனிப் பேச்சை எடுத்தால், எழும்பி ஒரு கேள்வி கேட்பதாக முடிவெடுத்திருக்கிறோம். இந்தக் கிழமை நீங்கள் எத்தனை இரவு அடுப்பு மூட்டினீர்கள், எத்தனை சட்டி கழுவினீர்கள்? அந்த எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.