கண்மாயிலிருந்து கோத்தன்பர்க் எவ்வளவு தூரம்?

2025 நவம்பர் இறுதியில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உலகம் வந்து இறங்கியது. ஆடவர் ஜூனியர் உலகக்கோப்பை ஹாக்கியைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. அதற்காக மதுரையில் புதிய ஹாக்கி அரங்கமே எழுந்தது. அரசு மனது வைத்தால் குறித்த தேதிக்குள் சர்வதேசத் தரத்தில் ஒரு மைதானம் வந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தோம். மகிழ்ச்சி. ஆனால் அந்த மைதானத்திலிருந்து அரை மணி நேரம் பேருந்தில் போனால் வரும் சேரிகளின் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்?

உலகக்கோப்பைக்கு நாட்டின் அணி போகிறது. செலவை நாடு பார்த்துக்கொள்கிறது. கால்பந்தில் கதை வேறு. அங்கே சிறுவர் சிறுமியருக்கு வெளிநாட்டு வாசலைத் திறப்பவை பெரும்பாலும் கிளப் அகாடமிகளுக்கான போட்டிகள்தான். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1975 முதல் நடக்கும் கோத்தியா கோப்பை அவற்றில் மிகப் பெரியது. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் அங்கே கூடுகின்றன. 2025இல் பஞ்சாபின் மினர்வா அகாடமிச் சிறுவர்கள் அங்கே கோப்பை வென்றார்கள். அந்த வெற்றியை நாமும் கொண்டாடினோம். ஆனால் இத்தகைய போட்டிகளுக்குப் போக ஒரு அணி எதையும் வென்றுவந்திருக்க வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் அணியின் பொறுப்பு. கட்ட முடிந்தவர்கள் போகலாம்.

‘பந்துக்குச் சாதி தெரியாது, திறமை இருந்தால் மேலே வரலாம்’ என்பார்கள். பந்துக்குத் தெரியாதுதான். பந்து உருள்கிற நிலத்துக்குத் தெரியும்.

மதுரையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் மந்தை என்பது பெயரளவில் பொது. அதில் யார் பந்து உதைக்கலாம், யார் ஒதுங்கி நின்று பார்க்கலாம் என்பதை ஊர்க் கட்டுப்பாடு முடிவு செய்கிறது. சேரிப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வற்றிய கண்மாய். கருவேலங்குச்சி இரண்டை நட்டால் கோல்போஸ்ட். ஐப்பசியில் கண்மாய் நிறைந்தால் ஆட்டம் முடிந்தது, இனி அடுத்த கோடையில்தான். சேரிப் பெண்பிள்ளைக்கோ அந்தக் கோடையும் கிடையாது. மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் உத்தப்புரத்தை நினைத்துப் பாருங்கள். 1989இல் தலித் மக்களின் பாதையை மறித்து எழுப்பப்பட்ட சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை போராட வேண்டியிருந்தது. நடக்கிற பாதைக்கே சுவர் வைத்த மாவட்டத்தில் ஓடி விளையாடும் திடல் மட்டும் தானாகத் திறந்துவிடுமா?

அடுத்த தடை, ஊர்ப் போட்டிகள். திருவிழாவை ஒட்டி நடக்கும் எத்தனையோ போட்டிகளின் பேனரில் வீரர்களைவிடச் சாதித் தலைவர்களின் படம்தான் பெரிதாக இருக்கிறது. பனியனின் நிறமே எந்தத் தெரு அணி என்று சொல்லிவிடுகிறது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடைசெய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பள்ளிக்கு வெளியே அதே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டால் என்ன மாறியது? அகாடமிக்கு ஆள் தேடுகிறவர் இப்படிப்பட்ட போட்டிக்கு வந்து உட்கார்ந்தால், அழைக்கப்படாத அணியின் பிள்ளையை அவர் பார்க்கவே போவதில்லை. அவர் வருவதற்கு முன்பே தேர்வு முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் தாண்டி வந்த பிள்ளையை ஒரு காகிதம் நிறுத்தும். 2013இல் ஜார்க்கண்டின் ராஞ்சி அருகே யுவா என்ற அமைப்பில் பயிற்சி பெற்ற சிறுமிகள் ஸ்பெயினில் நடந்த இளையோர் போட்டிகளுக்குக் கிளம்பினார்கள். பலரும் ஆதிவாசிக் குடும்பங்களின் பிள்ளைகள். பாஸ்போர்ட்டுக்கு அப்போது பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதைக் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனபோது தங்களை அறைந்தார்கள், தரையைக் கூட்டச் சொன்னார்கள் என்று அந்தச் சிறுமிகளே வெளியில் சொன்னார்கள். அப்படியும் போனார்கள். காஸ்டெய்ஸ் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்துத் திரும்பினார்கள். அந்தத் துடைப்பத்தை நாம் மறக்கக் கூடாது. பந்தாடப் போகும் பிள்ளையைப் பார்த்ததும் ஓர் அலுவலருக்குத் துடைப்பம் ஞாபகம் வருகிறது என்றால் அதற்குப் பெயர் சாதி.

ஜார்க்கண்ட் எங்கோ இருக்கிறது என்று நாம் ஆறுதல் அடைய முடியாது. மதுரையை ஒட்டிய பரவை சத்தியமூர்த்தி நகரில் காட்டுநாயக்கன் மக்கள் பழங்குடிச் சான்றிதழுக்காகத் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழ் இருந்தாலும் அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்காது. ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் வேறு மாதிரி. பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக எழுதிய ஜூன் மாதப் பிறந்தநாள் ஒன்று தனியாக இருக்கும். வயதுப் பிரிவு வாரியாக நடக்கும் போட்டியில் இந்தக் குழப்பம் ஒன்றே ஒரு பிள்ளையை வெளியே தள்ளப் போதும்.

இத்தனைக்கும் திறமைக்குப் பஞ்சமில்லை. வடசென்னை வியாசர்பாடியில் உழைக்கும் மக்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடுகிறார்கள். அங்கே அவர்களுக்கென்று திடல் இருந்தது, சொல்லிக்கொடுக்க அண்ணன்கள் இருந்தார்கள். மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. பெண்களை மைதானத்தில் இறக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் எளிமையானவை. ஊராட்சிதோறும் எல்லாத் தெருப் பிள்ளைகளும், பெண்பிள்ளைகள் உட்பட, நுழைய முடிகிற திடல் வேண்டும். அது சேரிக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். சாதித் தலைவர் படத்தோடும் சாதிக் கொடியோடும் நடக்கும் போட்டிகளுக்குப் பொது இடத்தில் அனுமதி கூடாது. பிறப்புச் சான்றிதழ் திருத்தமும் பாஸ்போர்ட்டும் பள்ளியிலேயே முகாம் போட்டுத் தரப்பட வேண்டும். கட்டணம் வாங்கும் அகாடமிகள் அரசு மைதானத்தைப் பயன்படுத்தினால் தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடம் ஒதுக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்று 2024இல் தமிழ்நாடு அரசே சட்டம் இயற்றியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்த நிதியில் திடலும் பயிற்சியாளரும் விமான டிக்கெட்டும் அடங்கும் என்று கேட்பது சலுகை அல்ல, சட்டப்படியான பங்கு. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை ஏற்கெனவே வெளிநாடு செல்லும் வீரர்களுக்கு உதவுகிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் உதவி கேட்டு விண்ணப்பிக்கும் இடம்வரை அந்தப் பிள்ளை வந்துசேர வேண்டுமே!

படிக்கிற இளைஞர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர்த் திடல் வருவாய்த் துறைப் பதிவேட்டில் என்ன வகையாக இருக்கிறது, யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வந்ததும் அதைக் கிராமசபையில் எழுந்து நின்று படியுங்கள். அடுத்த கோடைக்குள் கண்மாயிலிருந்து மந்தைக்கு நம் பிள்ளைகள் வந்து சேரட்டும். கோத்தன்பர்க் அதற்குப் பிறகு தூரமில்லை.