டீசல் ஊற்றினால் மட்டும் போதாது

அடிபம்பு அடித்து வளர்ந்த தலைமுறைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பம்பு காய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வராது, கைப்பிடி மட்டும் லொடலொடவென்று ஆடும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி நாலு அடி அடித்தால் பிடித்துக்கொள்ளும். இந்தச் சொம்புத் தண்ணீர் அறிவு நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காணாமல் போய்விட்டது. ஜெனரேட்டர் அறையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுபோனால், மறுபடி டீசல் ஊற்றினால் ஓடிவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நினைப்பதில் நியாயம் உண்டு. பழைய ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தால் அப்படித்தான். பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றி, நாலு உதை உதைத்தால் கிளம்பிவிடும். டீசல் எஞ்சின் வேறு ஜாதி. அதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள், அது தானே பற்றிக்கொள்கிறது. (இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர். ஆனால் 1858-ல் அவர் பிறந்தது பாரிஸில். பாண்டிச்சேரிக்காரன் இதைச் சொல்லாமல் விடமாட்டான்.)

பீய்ச்சுவது என்றால் சாதாரணப் பீய்ச்சல் இல்லை. பழைய வகை எஞ்சினிலேயே நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். நம் கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். பம்பு ஒவ்வொரு தள்ளுக்கும் சில சொட்டு டீசலைத்தான் தள்ளுகிறது. டீசல் அமுங்காது என்பதால் அந்தத் தள்ளல் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். ஆனால் டேங்க் காலியாகும்போது குழாய்க்குள் காற்று நுழைந்துவிடுகிறது. காற்று பஞ்சு மாதிரி. பம்பு தள்ளினால் சுருங்கும், விட்டால் விரியும். நாசில் திறக்கவே திறக்காது. மேலே டேங்க் நிறைய டீசல் இருக்கும், கீழே எஞ்சின் பட்டினி கிடக்கும். மெக்கானிக்குகள் இதை 'ஏர் லாக்' என்பார்கள். சரிசெய்வதற்கு 'ஏர் எடுக்கிறது' என்று பெயர்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் வண்டி எரிபொருள் தீர்ந்து நிற்பதற்கு 'பான் ஸெஷ்' என்று பெயர். 'வறண்ட பழுது' என்று பொருள் கொள்ளலாம். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். 'டீசல் இல்லை' என்று நாம் பற்றாக்குறைக் கணக்கில் எழுதுவதை அவர்கள் பழுதுக் கணக்கில் எழுதுகிறார்கள். பற்றாக்குறை என்றால் வாங்கி ஊற்றினால் தீர்ந்தது. பழுது என்றால் யாராவது கை வைத்துச் சரிசெய்ய வேண்டும். குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தெரியும், தப்பான தலைப்பில் பதிவான கோப்பு ஒருநாளும் சரியான மேஜைக்குப் போய்ச் சேராது.

எங்கள் குடியிருப்பில் இது ஒருமுறை ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக ஆனது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல். மதியத்துக்கு மேல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. திருநின்றவூர் வரை மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் ஒடிந்து, கரண்ட் போனது போனதுதான். முதல் இரவு ஜெனரேட்டர் ஓடியது. இரண்டாம் இரவு ஒரு மணி இருக்கும், இருமுவதுபோல் இரண்டு தடவை குலுங்கிவிட்டு நின்றது. டேங்க் காலி. யார் பார்க்காமல் விட்டார்கள் என்ற பஞ்சாயத்து பிறகு பல நாள் நடந்தது, அது இங்கே வேண்டாம். அறையில் 20 லிட்டர் கேன் ஒன்று இருந்தது. வாட்ச்மேன் அதை ஊற்றிச் சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடி. கால் மணி நேரத்தில் பேட்டரியும் படுத்துவிட்டது.

இரண்டாம் மாடியில் 70 தாண்டிய ஓர் அம்மா. நுரையீரல் நோய். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருந்தார்கள். அந்த மெஷினுக்கு ஒரு மிக்ஸி இழுக்கிற கரண்ட்கூட வேண்டாம், ஆனால் அது நிற்கக் கூடாது. அவசரத்துக்கு இருந்த சிலிண்டரில் பாதிதான் மீதம். அறைச் சுவரில் மெக்கானிக்கின் செல் நம்பர் பெரிதாக எழுதியிருந்தது. செல் டவர்களும் அன்று படுத்திருந்தன. கிடைத்திருந்தாலும் மரம் விழுந்த சாலையில் அவர் எப்படி வந்திருப்பார்?

நாலரை மணிக்குப் பால்காரப் பெரியவர் வந்தார். மாடு வைத்திருப்பவர், அதற்கு முன்னால் விவசாயம். இந்தப் பக்கமெல்லாம் நெல் விளைந்த காலத்தில், கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பால் கேனைக் கீழே வைத்தார்.

"காத்து பூந்திருக்கு சார். அத வெளிய விட்டுட்டா வந்துரும். ஸ்பேனர் இருக்கா?"

ஸ்பேனர் இருந்தது. டார்ச்சை நான் பிடித்தேன். ஃபில்டர் தலையில் இருந்த சின்ன திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி, பக்கத்தில் இருந்த கை பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தார். முதலில் நுரை வந்தது, சோடா மாதிரி. பிறகு குமிழி குறைந்து டீசல் தெளிவாக வழிந்தது. அதை இறுக்கினார். அடுத்து பெரிய பம்பில் இருந்த திருகு, அதே மாதிரி. எதிர்வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினோம். நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, எஞ்சினைச் சுற்றவிட்டு, டீசல் துப்பியதும் இறுக்கினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அப்படி. மூன்றாவதை இறுக்குவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பேட்டரி கொண்டுவந்த நேரத்தைக் கழித்தால் இருபது நிமிட வேலை. சிலிண்டர் தீர்வதற்கு முன் மெஷின் ஓடியது. அந்த அம்மா பிழைத்தார்.

இதை ஏதோ நம் ஊர்க் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தங்கை மகள் பிரான்சில், பாரிஸுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அங்கே பல பழைய வீடுகளில் குளிர்காலச் சூடு எண்ணெய்க் கொதிகலனில்தான். 'ஃபியூல்' என்று சொல்கிற அந்த எண்ணெய் டீசலுக்கு அண்ணன் தம்பி முறை. வரி குறைவு என்பதால் அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். ஒரு ஜனவரியில் அவள் வீட்டு டேங்க் தீர்ந்தது. லாரி வந்து நிரப்பிவிட்டுப் போனது. கொதிகலன் எரியவில்லை. இரண்டு சின்னக் குழந்தைகள், வெளியே உறைபனி. டெக்னீஷியன் மூன்று நாள் கழித்துத்தான் வருவார்.

அந்தக் கொதிகலனிலும் அதே கதைதான். பர்னருக்கு ஒரு சின்ன பம்பு, குழாயில் காற்று. நெருப்புப் பிடிக்காவிட்டால் அது தானாக நின்று சிவப்பு விளக்கைக் காட்டும். மறுபடி முயல ஒரு பொத்தான் உண்டு. அதைத்தான் எல்லோரும் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதில்தான் ஆபத்து. ஒவ்வோர் அமுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் எரியாமல் உள்ளே தேங்கலாம். பிறகு ஒரு தடவை பற்றிக்கொண்டால் தேங்கியது எல்லாம் சேர்ந்து 'டப்' என்று வெடித்து வீடு முழுக்கக் கரி. அவளுக்குக் கைகொடுத்தவர் பக்கத்து வீட்டு வயதான விவசாயி. பம்பில் காற்று விடும் திருகில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, திருகைத் தளர்த்திப் பர்னரை ஓடவிட்டார். நுரை நின்றதும் திருகை மூடினார். நெருப்புப் பிடித்தது. போனில் அவள் இதைச் சொன்னபோது எனக்குப் பால்காரப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். ஜெனரேட்டர் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும், அங்கேயே குடியிருப்பவர்கள் இரண்டு பேருக்காவது ஏர் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாட்ச்மேனுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மெக்கானிக் நம்பர் மட்டும் போதாது. ஏனென்றால் ஜெனரேட்டர் கண்டிப்பாக வேண்டிய இரவும், மெக்கானிக் வர முடியாத இரவும் ஒரே இரவுதான். வர்தாவில் அப்படித்தான் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் தெருவில் தண்ணீர் நின்றது. ஈசா ஏரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. "அதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யுற வேலை சார், வருஷாவருஷம் பராமரிப்புக்குப் பணம் கட்டுறோமே" என்பார் எங்கள் செயலாளர். பாதி நியாயம். பிரான்சில்கூடக் கொதிகலனுக்கு ஆண்டுக்கு ஒரு பராமரிப்பு சட்டப்படி கட்டாயம். இன்னொரு விஷயமும் அவர் பக்கம் இருக்கிறது. 2023 ஜூலை 1 முதல் புது ஜெனரேட்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. புதியவற்றில் பலவும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில், ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடுபவை. அவற்றில் நாசில் குழாய் நட்டைத் தளர்த்தவே கூடாது. அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கை போய்விடும். பெரியவர் செய்த மூன்றாவது வேலை பழைய வகைக்கு மட்டும்தான், அதுவும் பழகிய கைக்கு மட்டும்தான்.

ஆனால் அதனாலேயே சொல்கிறேன், எதுவரை நம் கை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதும் அறிவுதான். ஃபில்டரில் காற்று விடுவதும் கை பம்பை அமுக்குவதும் குறைந்த அழுத்தப் பகுதி. பெரும்பாலான ஜெனரேட்டர்களில் அதுவரை நாமே செய்யலாம், கூடவே வரும் கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். என்ன, அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் செயலாளர் வீட்டுப் பீரோவில் இருக்கும். ஒன்றும் தெரியாதவர் சும்மா இருப்பார் என்றும் நினைக்க வேண்டாம். தெரியாதவர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாகச் சுற்றக் கூடாது, நடுவே ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும் என்ற ஒரு வரி அன்று வாட்ச்மேனுக்குத் தெரிந்திருந்தால் பேட்டரியாவது மிஞ்சியிருக்கும்.

தீரவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னும் மேல். 15 கேவிஏ ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். ஆகவே டேங்க் எத்தனை மணி தாங்கும் என்பது வாய்ப்பாட்டுக் கணக்கு. கால் டேங்குக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோடு போடுங்கள். காற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. டேங்க் அடியில் தண்ணீரும் கசடும் தங்கியிருக்கும், கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் அதெல்லாம் ஃபில்டருக்குள் வந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஓடிய நேரமும் ஊற்றிய லிட்டரும் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். முப்பது வருஷம் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன், கையெழுத்துப் போட வேண்டும் என்றால்தான் மனிதன் எட்டிப் பார்ப்பான்.

இது பூசலார் நாயனார் ஊர். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்கும் செய்து முடித்தவர் அவர். அவருக்கு அது கைகூடியது. ஜெனரேட்டர் மட்டும் மனசுக்குள் ஓடினால் பயனில்லை. "ஓடும் சார், ஓடும்" என்று கூட்டத்தில் சொல்வதை நம்பாதீர்கள்.

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக்கை வரவழையுங்கள். அவருக்குக் காபி கொடுத்து, எந்தத் திருகு, எத்தனாம் நம்பர் ஸ்பேனர், எங்கே கை வைக்கக் கூடாது என்று உங்கள் எதிரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் வாட்ச்மேனும் ஒரு தடவை செய்து பாருங்கள். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, லேமினேட் செய்து அறைச் சுவரில் மாட்டுங்கள். ஸ்பேனரைப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிடுங்கள். செலவு நூறு ரூபாய் ஆகுமா? அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் எண் 1 ஆக இதை வையுங்கள். கேட் பெயிண்ட் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.