மாட்டின் பல்லும் காரின் டயரும்

"வீட்டுக்கு ஒரு கார் வேண்டும்" என்ற பேச்சு ஒரு குடும்பத்தில் எழுந்துவிட்டதானால், அன்று முதல் ஆண்கள் எல்லோரும் எஞ்சினீயர்களாகி விடுகிறார்கள். மைத்துனர் ஒரு வண்டியின் பெயரைச் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார். வீட்டு அம்மாளை மட்டும் ஒருவரும் யோசனை கேட்பதில்லை. கேட்டாலும், "என்ன கலர் பிடிக்கும்?" என்பதோடு சரி!

இது பெரிய அநியாயம் என்பது நம் கட்சி. கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்குகிறவர் யார்? பாத்திரக் கடையில் விரலால் சுண்டி, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிக்கிறவர் யார்? பட்டுப் புடவையைத் திருப்பி, ஜரிகையின் உள்புறத்தைப் பார்க்கிறவர் யார்? பழைய கார் வாங்குவதற்கும் அதே கண்ணும் காதும் மூக்கும்தான் வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சீட்டுப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்துப் போட்டு வாங்குகிற மாட்டைப் பல் பார்க்காமல் ஓட்டி வரலாமா?

முதலில் பண விஷயம்

கையில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறதென்று வைத்துக் கொள்வோம். 4 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். 3,40,000 ரூபாய்க்குள் பாருங்கள். மிச்சம் 60,000 ரூபாயைத் தனியே முடிந்து வையுங்கள். பழைய வண்டி வீட்டுக்கு வந்த சில மாதங்களுக்குள்ளேயே டயர் கேட்கும், பாட்டரி கேட்கும், பிரேக் கட்டை கேட்கும். பெயர் மாற்றச் செலவும் இன்ஷூரன்ஸும் வேறே இருக்கின்றன.

இதே பணத்துக்கு வெளிநாட்டுப் பெயர் கொண்ட பழைய சொகுசுக் கார் ஒன்றைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். மயங்க வேண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்கவில்லை!

எந்த வண்டி?

ஊரில் அதிகமாக ஓடுகிற சிறிய பெட்ரோல் கார்தான் நடுத்தரக் குடும்பத்துக்கு நல்லது. மாருதி 800 என்ற வண்டி 1983-ல் வந்து 2014 வரை தயாராயிற்று. இத்தனை காலம் அது மதிப்போடு விளங்கியதற்கு ஒரு காரணம், மூலை முடுக்கெல்லாம் அதைப் பழுது பார்க்க ஆள் இருந்ததுதான். இன்று ஆல்டோ, வாகன் ஆர், ஸ்விஃப்ட், ஹுண்டாயின் ஐ10, சான்ட்ரோ முதலியவற்றுக்கும் அந்தச் சௌகரியம் உண்டு. வீட்டில் மாமியாருக்கு மூட்டுவலி இருந்தால், வாகன் ஆர் போன்ற உயரமான வண்டியில் குனியாமல் ஏறி இறங்கலாம். அவரையும் அழைத்துப் போய் ஒரு தடவை உட்கார வைத்துப் பாருங்கள்.

"டீசல் மலிவு" என்று சொல்வார்கள். தினமும் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அது சரி. பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று சிறு சிறு தூரம் போகிறவர்களுக்கு அல்ல. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி அடிக்கடி நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்து கொள்ளும். இல்லாவிட்டால் அடைத்துக் கொண்டு செலவு வைக்கும்.

வருஷத்தையும் கவனியுங்கள். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுகிறவருக்கு ஏர்பேக் கட்டாயமாயிற்று. 2022 முதல் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கட்டாயம். பக்கத்தில் உட்காருவது பெரும்பாலும் நாம்தானே! பளபளக்கும் சீட் உறைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். பதிவுக் காலம் 15 வருஷம் என்பதால், அது முடியப்போகும் வண்டியானால் புதுப்பிக்கிற செலவும் அலைச்சலும் உங்கள் தலையில் விழும்.

கண், காது, மூக்கு

வண்டி பார்க்கக் காலை வேளையில், நல்ல வெளிச்சத்தில் போங்கள். "நாங்கள் வருகிற வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஒரு கோளாறை மறைக்க முன்னதாகவே எஞ்சினை எழுப்பிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை சூடேறிய பின்னும் நிற்கவில்லை என்றால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அதன் அடியில் காப்பி நுரை மாதிரி படிந்திருந்தால், எண்ணெயில் நீர் சேருகிறதா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லும் வரை பணம் கொடுக்காதீர்கள்.

கதவுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு கதவின் வர்ணம் மட்டும் ஒரு மாற்றுக் கூடவோ குறையவோ இருந்தால், அங்கே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். தகட்டில் கச்சிதமாக ஒட்டும் காந்தம், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டாது.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதைத் திருத்துகிற கைகாரர்கள் இருக்கிறார்கள். மீட்டர் 30,000 என்று காட்டும்போது பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எது பொய் சொல்கிறது? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மாட்டுக்குப் பல்; காருக்கு டயர்!

வெள்ளத்தில் குளித்த வண்டி

சென்னைக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிகளும் கழுவித் துடைத்து, வாசனை தெளித்துச் சந்தைக்கு வருவதுண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டியில் மின்சாரக் கம்பிகள் உள்ளுக்குள்ளே அரிக்கும். ஒரு நாள் ஜன்னல் இறங்காது. இன்னொரு நாள் நடுரோட்டில் எஞ்சின் நின்றுவிடும். ஏர்பேக் வேண்டிய நேரத்தில் விரியாமலும் போகலாம்.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறையின் கோடு அங்கே தெரியலாம். காலடிக் கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, உபரிச் சக்கரம் வைக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்த உடனே பூசணம் பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுகிற மூக்கு, இங்கே ஏமாறாது.

இத்தனையும் தேறினால் பிறகு ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அவர் நீங்கள் தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும். விற்கிறவர் சிபாரிசு செய்தவராக அல்ல.

காகிதங்கள்

பெண் கொடுக்கும்போது குலம் கோத்திரம் விசாரிக்கிறோம். பரிவாகன் என்ற அரசாங்க இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் அதன் பதிவு, இன்ஷூரன்ஸ் விவரங்களைப் பார்க்கலாம். அபராத பாக்கியையும் தேடலாம். ஆர்.சி.யில் கடன் கொடுத்த பாங்கின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்குப் பாங்கின் கடிதமும் படிவம் 35-ம் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வெளி மாநில வண்டி மலிவாக வந்தால், ஆட்சேபணையில்லாச் சான்றையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவு அநேகமாக அங்கேயே கரைந்துவிடும்.

படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்தை வாங்கி, 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயரை மாற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். எழுதாமல் இருந்து நாளைக்கு வண்டி மோதினால், உங்கள் வண்டியின் சேதத்துக்குக் காலணா கிடைக்காமல் போகக்கூடும். பழைய சொந்தக்காரருக்குக் கிடைத்து வந்த 'நோ கிளெய்ம்' சலுகை அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

உங்கள் பழைய வண்டியை நீங்கள் விற்கும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்றுப் பணம் வாங்கி வருஷம் இரண்டு ஆன பிறகு, யாரோ செய்த விபத்துக்கு நம் வீட்டுக்குச் சம்மன் வந்தால் எப்படி இருக்கும்!

கடைசியாக ஒரு வார்த்தை. கார் வாங்கியது உங்கள் வளையலை வைத்த பணத்தில் என்றால், ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருப்பதில் தப்பு ஒன்றுமில்லை. அத்துடன் ஓட்டவும் கற்றுக் கொண்டு லைசென்ஸும் எடுத்துவிடுங்கள். நடுநிசியில் குழந்தைக்கு ஜுரம் என்றால், "அவர் ஊரில் இல்லையே" என்று கையைப் பிசைய வேண்டாம் அல்லவா?