கணக்கு இரண்டானால் அமானிதம் என்னாவது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. பாதுகாப்புக் கருதி எம்மவர்கள் பலரும் கணனியை மாற்றுகின்றனர். மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய கணக்கு மென்பொருளை அப்படியே புதியதில் ஏற்றுவோர் சற்று நிதானிக்க வேண்டும். பண்டாரவளையில் என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

எக்ஸ்பி காலத்து மென்பொருளில்தான் எமது கடன் கணக்கு இருந்தது. புதிய கணனியில் எனக்கொன்று, மகனுக்கொன்று என இரு பயனர் பெயர்களைத் திறந்தோம். சம்பள நாளில் தோட்டத்து அம்மா ஒருவர் மகனிடம் முழு நிலுவையையும் கட்டிச் சென்றார். மறுவாரம் அவர் வந்தபோது என் திரையில் அந்த நிலுவை அப்படியே இருந்தது. கேட்டுவிட்டேன். "சின்ன முதலாளிகிட்ட கட்டிட்டேனே முதலாளி" என்று மடித்து வைத்திருந்த சிட்டையை நீட்டினார். மகனின் கையெழுத்து. வெட்கித்துப் போனேன். அந்தச் சிட்டை தொலைந்திருந்தால்?

காரணம் பிறகுதான் விளங்கியது. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல், 'புரோகிராம் பைல்ஸ்' கோப்புறைக்குள் மென்பொருள்கள் நினைத்தபடி எழுத முடியாது. பழைய மென்பொருள் அங்கு எழுத முனைந்தால், விண்டோஸ் அதை 'வேர்ச்சுவல் ஸ்டோர்' என்ற வேறொரு கோப்புறைக்குச் சத்தமின்றித் திருப்பிவிடும். அதுவும் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக. ஆகவே ஒரே கடையில் இரண்டு பேரேடுகள். இரவுதோறும் நான் பென் டிரைவில் பிரதி எடுத்ததோ, கணனி மாற்றிய நாளோடு நின்றுபோன மூன்றாவது பேரேடு!

விடயம் தெரிந்தவரைக் கொண்டு இரு பதிவுகளையும் தேடியெடுத்து, சிட்டைகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்தோம். தரவுகளை 'புரோகிராம் பைல்ஸுக்கு' வெளியே இருவருக்கும் பொதுவான கோப்புறைக்கு மாற்றினோம்.

வியாபாரச் சகோதரர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: மாற்றிய பின் ஒரு மாதமாவது கைக்கொப்பியிலும் எழுதுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணனியில் திறந்து, நேற்றைய விற்பனை அதில் இருக்கிறதா எனப் பாருங்கள். பணம் கட்டியவருக்குச் சிட்டை கொடுக்கத் தவறாதீர்கள்.

கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது; நீதியாக எழுதும்படியும் சொல்கிறது. கணனி பிழையாகக் காட்டியது என்பது வாடிக்கையாளரிடம் சொல்லும் சாட்டாகலாம். நாளை மறுமையில் அது பதிலாகுமா?