மாண்டலேயை எட்டாத பயணம்

வனவாசம் முடிந்து இராமபிரான் திரும்பியபோது, நந்திக்கிராமத்தில் பாதுகைகளை முன்வைத்துப் பரதன் காத்திருந்தான். நாடிழந்த அரச குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அப்படியொரு பரதன் வாய்ப்பதில்லை.

வங்கிப் பணியின் நிமித்தம் ஒருமுறை மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரிக்குச் சென்றிருந்தேன். விடுமுறை நாளொன்றில் அங்குள்ள திபா அரண்மனையைப் பார்க்கப் போனேன். 1910இல் எழுந்த அந்தச் செந்நிற மாளிகையில் நின்றால் தொலைவில் அரபிக் கடல் தெரியும். பர்மாவின் கடைசி மன்னர் திபா அந்தக் கடலைப் பார்த்தபடியே முதுமையை எட்டினார் என்று நினைத்தபோது, மாளிகையின் அழகு மனத்தில் நிற்கவில்லை.

இளமையில் பௌத்த மடத்தில் பாலி நூல்களைக் கற்றுத் தேர்வில் சிறந்தவர் அவர். 1885 நவம்பரில் ஆங்கிலேயர் மாண்டலேயைக் கைப்பற்றியபோது அவருக்கு வயது இருபத்தாறுதான். அரசி சுபயாலத்தையும் இரு பெண் குழந்தைகளையும் அவருடன் கப்பலேற்றினார்கள். முதலில் கொண்டுவந்து வைத்த ஊர் நம் சென்னை. மூன்றாம் இளவரசி பிறந்தது இங்கேதான்! 1886இல் அனைவரும் இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டனர். நான்காம் இளவரசி அங்கே பிறந்தார். தாய்நாட்டைக் காணாமலே வளர்ந்த அரசகுமாரிகள்!

1916 டிசம்பரில் மன்னர் காலமானார். கணவரின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அரசி மன்றாடினார். அரசாங்கம் இசையவில்லை. 1919இல் இரத்தினகிரி மண்ணிலேயே மன்னரை அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதே ஆண்டில்தான் குடும்பத்துக்குத் திரும்பிச் செல்ல அனுமதி கிடைத்தது. அச்சுறுத்தக்கூடிய மன்னர் மறைந்த பிறகு, அரசுக்கு என்ன அச்சம்? ஆனாலும் அனுமதி இரங்கூன் வரைதான். தாம் ஆண்ட மாண்டலேயைக் காண அரசிக்கு வாய்க்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் சொந்த நாட்டில் காலடி வைத்தும், சொந்த ஊரில் வைக்க முடியாமற் போயிற்று. 1925இல் இரங்கூனிலேயே கண்மூடினார். அவருடைய சமாதி புகழ்பெற்ற ஷ்வேடகோன் பகோடாவின் அருகே இருக்கிறது. கணவர் ஒரு கரையில், மனைவி மறு கரையில். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, என் மனைவி நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

மூத்த இளவரசியின் கதை வேறு. இரத்தினகிரி அரண்மனையில் காவற்பணி புரிந்த மராட்டியர் ஒருவருடன் வாழ்ந்து, ஒரு பெண் மகவைப் பெற்றிருந்தார். நாடு திரும்பியும் அவருக்கு அங்கே மனம் ஒன்றவில்லை. மீண்டும் இரத்தினகிரிக்கே வந்துவிட்டார். அங்கேயே மறைந்தார். அவருடைய மகள் மராட்டி பேசும் எளிய குடும்பத்தலைவியாக அவ்வூரிலேயே வாழ்ந்தார். அவருக்கு எது தாயகம் என்று கேட்டால் யார் விடை சொல்வது?

2012 டிசம்பரில் மியான்மர் அதிபர் தெயின் செயின் இரத்தினகிரிக்கு வந்து, மன்னரின் சமாதியில் வணங்கினார். நாட்டின் தலைவர் வந்து போய்விட்டார். மன்னர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.